ஒடுக்கு விழுந்த கிரில்: 1964 எம்ஜிபிக்கு மறுபடி குரோம் ஏற்றுவது எப்படி?

கடனாநதி (மார்ச் 9, இரவு 9.40)

பெரியப்பாவின் எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 19 வருடமாக ஆழ்வார்குறிச்சி வீட்டுத் தொழுவத்தில் மாடுகளோடு மாடாக நின்றது. 1964 மாடல், 1798 சிசி. மலை எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் 1971இல் வாங்கியது. போன வருடம் என்ஜினை எழுப்பிவிட்டோம். பிரேக்கும் பிடிக்கிறது. இப்போது முகம்தான் பாக்கி.

முன் கிரிலின் சுற்றுச் சட்டம் முழுக்கப் புள்ளி. எண்ணெய் தொட்டுத் துடைத்தால் ஒரு நாள் மின்னுகிறது, மறுநாள் பழையபடி. கீழ் மூலையில் குரோம் செதிலாக எழும்பி நிற்கிறது. நகத்தை விட்டால் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வருகிறது. நடுவில் நிற்கிற பட்டைகள் மங்கிப்போய்விட்டன, ஆனால் உரியவில்லை. வலது மேல் வளைவில் ஓர் ஒடுக்கு. 1978இல் கடையம் ரோட்டில் விளக்கில்லாமல் போன வைக்கோல் வண்டியின் பின்னால் பெரியப்பா முட்டியது.

கேள்வி மூன்று. உடைக்காமல் கழற்றுவது எப்படி? குரோம் ஏற்ற யாரிடம் போவது? அந்த ஒடுக்கை எடுக்கவா, விடவா?

அவசரக்குடுக்கை (மார்ச் 9, இரவு 9.52)

கழற்றவே வேண்டாம் அண்ணே. குரோம் ஸ்பிரே ஒரு டப்பா வாங்கி, பெயின்ட்டில் படாமல் பேப்பர் ஒட்டிவிட்டு அடித்தால் சாயங்காலத்துக்குள் முடிந்தது.

பேட்டை லேத்து (மார்ச் 9, இரவு 10.15)

தம்பி, அது குரோம் இல்லை, அலுமினியத் தூள் கலந்த பெயின்ட். கோயில் கொடைக்குப் பந்தல் கம்பிக்கு அடிப்பார்கள், அதற்குச் சரி. கிரிலில் அடித்தால் ரெண்டு மாதத்தில் சாம்பல் பூத்துவிடும். அப்புறம் பட்டறைக்காரன் அந்தப் பெயின்ட்டை உரிக்கவும் சேர்த்துக் கூலி கேட்பான்.

கடனாநதி, கழற்றுவதை முதலில் பார்ப்போம். அவசரப்படாதே. மேல் வரிசை போல்ட்டுகள் பானெட்டைத் திறந்தாலே தெரியும். கீழே இருப்பதற்குப் படுத்துத்தான் ஆகவேண்டும். மூன்று ராத்திரி தொடர்ந்து துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடு. நான்காம் நாள்தான் ஸ்பேனரைத் தொடவேண்டும். அந்த வண்டியில் எல்லாம் அங்குல அளவு. 7/16 அங்குலம் என்றால் 11.11 மி.மீ. நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிற 11 ஏறாது, 12 போட்டால் சுற்றி மூலையை வழித்துவிடும். எத்தனை வண்டியில் பார்த்துவிட்டேன், போல்ட் தலையெல்லாம் கூழாங்கல் மாதிரி உருண்டு கிடக்கும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடு, இல்லையென்றால் என்னிடம் வந்து எடுத்துப் போ.

கிரிலைச் சுற்றியுள்ள பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ரெண்டு அடுக்கு ஒட்டு. கையில் இன்னொரு ஆள் வேண்டும். கடைசி போல்ட் வந்ததும் அது அப்படியே முன்னால் சாயும்.

குடுவை (மார்ச் 10, காலை 6.20)

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு மின்பூச்சு ஆலையின் ஆய்வகத்தில் 11 வருடம் இருந்தவள்.

முதல் கேள்வியே கேட்கவில்லையே நீங்கள். அது என்ன உலோகம்? பட்டறைக்காரர் கையில் கொடுப்பதற்கு முன்னால் இது தெரியாவிட்டால் கிரில் திரும்பி வராது. காந்தம் கெட்டியாக ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பின்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. வெள்ளையாகத் தெரிந்து, தூக்கினால் எடையே இல்லாமல் இருந்தால் அலுமினியம். சாம்பல் நிறமாகக் கனமாக இருந்து, மேலே கொப்புளம் கொப்புளமாக இருந்தால் துத்தநாக வார்ப்பு.

இது ஏன் முக்கியம் என்றால், பூச்சு ஏற்றும் முன் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கக் காஸ்டிக் சோடா கலந்த சூடான தொட்டியில் போடுவார்கள். பித்தளையும் இரும்பும் அதில் கிடக்கும். அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும், ஹைட்ரஜன் பொங்கப் பொங்கத் தின்னும். துத்தநாகத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. ஒரே பொருளில் ரெண்டு உலோகம் கலந்திருந்தால் பிரித்தே ஆகவேண்டும்.

பேட்டை லேத்து (மார்ச் 10, காலை 7.05)

குடுவை அம்மா சொல்வது சத்தியம். 90களில் ஒரு பழைய காரின் முன் சின்னத்தை ஒரு பட்டறையில் கொடுத்தோம். துத்தநாக வார்ப்பு என்று எங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பழைய குரோமை எடுக்க அமிலத்தில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். திரும்பி வந்து எடுத்தால் சல்லடை. வண்டிக்காரர் அதைத் தாளில் பொதிந்து வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

உவரிக்காற்று (மார்ச் 10, காலை 8.30)

ஆசிட் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் ஒரு புண்ணியவான் பத்மினி காரின் பம்பரில் கறை போகவில்லை என்று கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டார். முதலில் பளிச். பத்து நிமிடத்தில் மஞ்சளடித்துப் போச்சு. அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குடுவை (மார்ச் 10, காலை 8.48)

அந்த ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோமை நேராகக் கரைக்கும். பட்டறையிலேயே பழைய குரோமை எடுக்க அதைப் பயன்படுத்துவது உண்டு. நீங்கள் பார்த்த மஞ்சள், அடியில் இருந்த நிக்கல். மேலேயிருந்த குரோம் போயே போய்விட்டது.

கடனாநதி (மார்ச் 16, மாலை 5.10)

கழற்றிவிட்டோம். அண்ணாச்சி சொன்னபடி மூன்று ராத்திரி ஊறவிட்டும் கீழே ஒரு போல்ட் முறிந்தது. மற்றதெல்லாம் கையோடு வந்துவிட்டன. பானெட்டுக்கு அடியில் ஒரு குளவிக் கூடும், 1996 தேதியிட்ட பஸ் டிக்கெட் ஒன்றும் கிடைத்தன.

சுற்றுச் சட்டத்தில் காந்தம் ஒட்டவில்லை. பின்னால் சுரண்டினேன், மஞ்சள். பித்தளைதான். பெரியம்மா அதற்குள் உள்பக்கத்தைப் புளி போட்டுக் குத்துவிளக்கு மாதிரி விளக்கிவிட்டார். பட்டைகள் எடையே இல்லை, அலுமினியம். எல்லாம் ரிவெட் அடித்து ஒன்றாக இருக்கிறது. மொத்தமாகக் கொடுத்திருந்தால் பட்டைகளெல்லாம் காஸ்டிக்கில் போயிருக்கும். குடுவை அக்காவுக்குக் கும்பிடு.

பேட்டை லேத்து (மார்ச் 16, மாலை 6.00)

நல்லது. ரிவெட்டை உளியால் வெட்டாதே, பித்தளை நெளிந்துவிடும். 3.2 மி.மீ. டிரில் பிட்டால் தலையை மட்டும் எடு, மிச்சத்தைப் பின்னாலிருந்து மெல்லத் தட்டு. ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால் ஆணியால் எண் கீறிவிடு. பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், நடுவில் இருப்பதற்கும் ஓரத்தில் இருப்பதற்கும் வளைவு வேறு. ரிவெட்டை எடுக்குமுன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வை. எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நினைப்பாய், இருக்காது.

பழையசாவி (மார்ச் 16, இரவு 9.25)

சங்கரன்கோயில்காரன், இப்போது சென்னையில். எனக்கு ஒன்று புரியவில்லை. இந்த கிரில் புதிதாகவே பிரிட்டனிலிருந்து கிடைக்கிறது. 5 லட்சத்துக்கு மேல் உற்பத்தியான வண்டி, பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வரும். எதற்கு இந்தப் பாடு?

பேட்டை லேத்து (மார்ச் 16, இரவு 9.50)

வாங்கலாம். கூலியையும் அலைச்சலையும் பார்த்தால் நீங்கள் சொல்வது தப்பில்லை. நான் ஒரு வண்டிக்கு அப்படி வந்ததைப் பூட்டியிருக்கிறேன். தகடு மெல்லிசு. வளைவு பானெட்டோடு சேரவில்லை, ஓட்டையை நீளமாக ராவித்தான் உட்கார வைத்தேன். பழைய பித்தளைச் சட்டம் கையில் இருக்கும்போது அதை மூலையில் போட எனக்கு மனசு வராது. பித்தளை துருப்பிடிக்காது, இன்னும் 50 வருடம் கழித்தும் உரித்துப் பூசலாம்.

பழையசாவி (மார்ச் 16, இரவு 10.05)

சரி, உங்கள் பித்தளை, உங்கள் பாடு. ஆனால் ஒன்று. 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய விதி வந்ததே, அதில் வண்டி அசல் வடிவத்தில் இருக்கவேண்டும் என்று இருக்கிறது. மறுபடி குரோம் ஏற்றினால் சிக்கல் வருமா?

கடனாநதி (மார்ச் 16, இரவு 10.30)

படித்துவிட்டேன். அவர்கள் சொல்வது சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்று. அதே கிரிலுக்கு அதே பூச்சு பூசினால் மாற்றமே இல்லை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். அது அப்புறம் பார்ப்போம். ஒடுக்குக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

உவரிக்காற்று (மார்ச் 17, காலை 7.15)

விட்டுவிடு மக்கா. அது பெரியப்பா கையெழுத்து.

பேட்டை லேத்து (மார்ச் 17, காலை 7.40)

கையெழுத்துதான், ஆனால் பாலிஷ் போடும் சக்கரம் குழிக்குள் போகாது. சுற்றிலும் கண்ணாடி மாதிரி இருக்கும், குழி மட்டும் மங்கிக் கிடக்கும். பூசாத கிரிலில் ஒடுக்கு இருந்தால் அழகு. பூசின கிரிலில் அது புதுச் சட்டையில் கிழிசல்.

எடுப்பதென்றால் கார் டிங்கரிடம் கொடுக்காதே, அவன் கை இரும்புக்குப் பழகினது. பித்தளைப் பானைக்கு ஒடுக்கு எடுக்கிற பாத்திரக்காரர் யாராவது ஊரில் மிச்சம் இருந்தால் அவரிடம் போ. பித்தளையைச் சூடு காட்டி இளக்கி, உள்ளிருந்து மரச்சுத்தியால் தட்டி எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஈயம் பூசுவதை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. கேட்டுப் பார்க்கிறேன்.

குடுவை (மார்ச் 17, இரவு 8.30)

எல்லோரும் குரோம் குரோம் என்கிறீர்கள். இன்று கொஞ்சம் நேரம் கிடைத்தது, விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

குரோம் அடுக்கின் தடிமன் 0.3 மைக்ரான் வாக்கில். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி 70 மைக்ரான் என்று வைத்தால் அதில் 200இல் ஒரு பங்குகூட வராது. அவ்வளவு மெல்லிய பூச்சு எந்தப் பள்ளத்தையும் நிரப்பாது, எந்தக் கீறலையும் மறைக்காது. அடியில் இருப்பதை அப்படியே காட்டிக்கொடுக்கும். நீங்கள் குரோம் என்று பார்க்கிற மினுமினுப்பு உண்மையில் பாலிஷும் நிக்கலும். நிக்கல் மட்டும் இருந்தால் கொஞ்சம் மஞ்சளடித்து, காற்றுப் பட்டு மங்கும். அதைக் காக்கத்தான் மேலே நீலச் சாயலோடு குரோம். 1920களின் நடுப்பகுதிக்கு முந்தைய கார்களில் குரோமே கிடையாது, வெறும் நிக்கல்தான்.

அதனால் பட்டறையில் கேட்கவேண்டியது நிக்கல் எவ்வளவு என்று. வெயிலிலும் மழையிலும் நிற்கிற பொருளுக்கு 25 மைக்ரானாவது வேண்டும். ரெண்டு அடுக்கு நிக்கல் போடுவார்களா என்றும் கேளுங்கள். கீழே கந்தகம் இல்லாத அரை மினுக்கு நிக்கல், மேலே மினுக்கு நிக்கல். குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எப்போதும் இருக்கும், அதன் வழியாக உப்பும் ஈரமும் இறங்கும். ரெண்டு அடுக்கு இருந்தால் அரிப்பு மேல் அடுக்கோடு பக்கவாட்டில் பரவுமே தவிர, சுலபத்தில் கீழே பித்தளைக்குப் போகாது. உவரியில் வண்டி வைத்திருப்பவருக்கு இது நன்றாகப் புரியும்.

புள்ளிப் பள்ளங்களை நிரப்ப நிக்கலுக்கு அடியில் செம்பு ஏற்றுவார்கள். செம்பு மெத்தென்ற உலோகம், தேய்க்கத் தேய்க்கச் சமமாகும். தடிமனாக ஏற்றித் தேய்த்து, மறுபடி ஏற்றித் தேய்த்து, பள்ளம் மறைகிற வரை. கூலி எல்லாம் இங்கேதான் போகிறது. நல்ல பட்டறையில் தொட்டியில் இருக்கும் நேரத்தைவிடப் பாலிஷ் சக்கரத்தில் இருக்கும் நேரம் பல மடங்கு. ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஹார்ட் குரோம் போர்டைப் பார்த்து உள்ளே போய்விடாதீர்கள். அது ஹைட்ராலிக் தண்டுக்கும் மில் ரோலருக்கும் தேய்மானம் தாங்கத் தடிமனாக ஏற்றுவது. தொட்டி ஒரே குரோமிக் அமிலம்தான், வேலை வேறு.

அவசரக்குடுக்கை (மார்ச் 17, இரவு 8.55)

பேட்டரி சார்ஜரும் பிளாஸ்டிக் வாளியும் இருந்தால் வீட்டிலேயே பூசலாம் என்று வீடியோ இருக்கிறது.

குடுவை (மார்ச் 17, இரவு 9.10)

இதற்கு மட்டும் கோபமாகவே பதில் சொல்கிறேன். குரோமிக் அமிலத்தில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது. மின்சாரம் பாயும்போது தொட்டியிலிருந்து எழும் ஆவியில் அது இருக்கும். பட்டறையில் உறிஞ்சு குழாய் இருக்கும், கழிவைச் சுத்திகரிக்க ஏற்பாடு இருக்கவேண்டும். ராணிப்பேட்டையில் மூடிப்போன ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கி ஊரே அவதிப்படுகிறது. நீங்கள் வாளித் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? சாக்கடைக்குத்தானே? அது எங்கே போகும், தாமிரபரணிக்குத்தானே? இழையைத் தொடங்கியவரின் பெயரையாவது பாருங்கள், கடனாநதியும் தாமிரபரணியில் சேர்கிற ஆறுதான்.

அவசரக்குடுக்கை (மார்ச் 17, இரவு 9.12)

மன்னிக்கவும் அக்கா. வாளியைக் குளிக்கவே வைத்துக்கொள்கிறேன்.

கடனாநதி (ஏப்ரல் 21, இரவு 10.00)

ஒரு மாதமாகக் காணவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒடுக்கு எடுத்தாயிற்று. அண்ணாச்சி சொன்ன பாத்திரக்காரருக்கு வயது 70க்கு மேல். முதலில் மாட்டேன் என்றுவிட்டார். சட்டத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்ததும் "நல்ல தகடு" என்றார், அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். பேரன்தான் அடுப்பு ஊதினான். ஒன்றரை மணி நேரம். கூலி கேட்டதற்கு இந்த வண்டியில் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போ என்றார்.

இங்கே பக்கத்தில் கேட்ட ஒரு பட்டறையில் மறுநாளே தருகிறேன் என்றார்கள். அக்கா பேச்சைக் கேட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். கோயம்புத்தூர் பம்ப்பும் மில் இயந்திரமும் செய்கிற ஊர் என்பதால் அங்கே பட்டறைகள் நிறைய. நான்காவது பட்டறையில் நிக்கல் எத்தனை மைக்ரான் என்று கேட்டதும் ஆள் என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். பத்தமடைப் பாயில் சுற்றி மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தார்.

12 நாள். 7,000 ரூபாய். நேற்று வாங்கி வந்தேன். முன்பக்கம் பார்த்தால் மீசை முறுக்கலாம். ஆனால் உள் மூலைகள் ரெண்டிலும் நிறம் கொஞ்சம் வேறு மாதிரி. எனக்கு மட்டும்தான் தெரிகிறதா?

குடுவை (ஏப்ரல் 22, காலை 6.10)

வெள்ளைத் தாள் ஒன்றைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். மற்ற இடம் நீலமாகவும் மூலை லேசான மஞ்சளாகவும் தெரிகிறதா?

கடனாநதி (ஏப்ரல் 22, காலை 7.30)

ஆமாம். மஞ்சள்தான்.

குடுவை (ஏப்ரல் 22, காலை 7.45)

அங்கே குரோம் போய்ச் சேரவில்லை, நிக்கல் தெரிகிறது. குரோம் தொட்டிக்கு இது பிறவிக் குணம். மின்சாரம் மேடான இடத்துக்குத்தான் ஓடும், உள் மூலையைக் கண்டுகொள்ளாது. அதைச் சரிக்கட்ட மூலைக்கு நேராகத் துணை அனோட் (நேர் மின்முனை) ஒன்று வைக்கவேண்டும். திருப்பிக் கொடுங்கள். அடி நிக்கலைத் தொடவேண்டியதில்லை. குரோமை மட்டும் எடுத்துவிட்டு, நிக்கலின் மேல் படிந்த படலத்தை அமிலத்தில் போக்கிப் புதிதாக உயிர்ப்பித்து மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். உயிர்ப்பிக்காமல் ஏற்றினால் பால் படிந்த மாதிரி வெளுத்து நிற்கும். நேர்மையான ஆள் என்றால் ரெண்டாவது கூலி கேட்கமாட்டார்.

கடனாநதி (மே 4, மாலை 6.20)

கேட்கவில்லை. "யார் சொன்னது உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

இதற்கிடையில் பட்டைகள். அவற்றில் இருந்தது குரோம் இல்லை, அனோடைஸ் பூச்சு (அலுமினியத்தின் மேலேயே மின்சாரத்தால் உண்டாக்கும் ஆக்சைடு படலம்) என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அவர்களே உரித்துப் பாலிஷ் போட்டு மறுபடி அனோடைஸ் செய்யத் தனியாக ஒருவரிடம் அனுப்பினார்கள். ரெண்டு பட்டையில் மட்டும் பழைய அரிப்புக் குழி கொஞ்சம் தெரிகிறது. அவற்றை ஓரத்தில் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். வளைவு சேரவில்லை. அண்ணாச்சி சொன்னது சரி.

பேட்டை லேத்து (மே 4, மாலை 6.45)

சேர்க்கும்போது அலுமினியம் நேராகப் பித்தளையைத் தொடக்கூடாது. ஈரம் பட்டால் ரெண்டும் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்துப் போகும். நடுவில் மெல்லிய நைலான் வாஷர், ரிவெட்டும் அலுமினிய ரிவெட், மேலே கொஞ்சம் மெழுகு. பூட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் பிடித்துவைத்து, பானெட்டை ஒரு தரம் இறக்கி இடைவெளி பார்த்துவிட்டு அப்புறம் முறுக்கு.

உவரிக்காற்று (மே 4, இரவு 8.00)

பூட்டின பிறகு மாதம் ஒரு முறை மெழுகு போடு. கடல் பக்கம் வந்துவிட்டுப் போனால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடு. பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்காதே, அந்த 0.3 மைக்ரான் குரோமும் போய்விடும். பெரியம்மா கையில் புளி அகப்படாமல் பார்த்துக்கொள்.

கடனாநதி (ஜூன் 14, இரவு 9.15)

பூட்டியாயிற்று. ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி டவுனுக்குள் கொண்டுபோகும் எண்ணம் இல்லை, கூட்டத்தில் யாராவது முட்டினால் மறுபடி பாத்திரக்காரரிடம்தான் போகவேண்டும். அவரைப் பேரனோடு ஏற்றிக்கொண்டு பாபநாசம் வரை ஒரு சுற்று போய் வந்தேன். வழி முழுக்கப் பேசவே இல்லை. இறங்கும்போது வலது மேல் வளைவை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெரியம்மா வாசலில் நின்று முன்னால் வந்து பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். "அந்த ஒடுக்கு எங்கே?" என்றார். எடுத்தாயிற்று என்றேன். "அதை வைத்துத்தான் இருபது வருடம் உங்க பெரியப்பாவை மட்டம் தட்டிக்கிட்டு இருந்தேன்" என்று உள்ளே போய்விட்டார். இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இன்னொரு தலைவலி. கிரில் மின்ன ஆரம்பித்ததும் அதுவரை நன்றாக இருந்த பம்பர் பல் விளக்காத மாதிரி தெரிகிறது. காந்தம் வைத்தேன், கெட்டியாக ஒட்டுகிறது. தனி இழை போடுகிறேன், அக்காவும் அண்ணாச்சியும் அங்கே வந்துவிடுங்கள்.